எல்லாத் தொட்டிக்கும் அறுபது மில்லிமீற்றர்

இரத்தினசிங்கம் எஞ்சினியர் இல்லை. இதை எடுத்த எடுப்பிலேயே சொன்னால் அவருக்கு மனம் நோகும். ஆனாலும் வெள்ளவத்தையில் இதைச் சொல்ல வேறு ஆளில்லை. அவர் குடியிருந்த தொடர்மாடியின் காவலாளி அவரை எஞ்சினியர் ஐயா என்றான். மரக்கறிக் கடைக்காரன் சிங்களத்தில் இஞ்சினேரு மாத்தயா என்றான். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்ட ஐயரிடம் அவர் தொழிலையும் சேர்த்தே சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதை மிகையாக இருக்கலாம். ஆனால் அவரைத் தெரிந்த எவரும் அதை மறுத்ததில்லை.

ஆள் படவரைஞர். காங்கேசன்துறைப் பக்கத்து ஆலையொன்றில் பென்சிலும் வரைபலகையுமாகத் தொடங்கிய வாழ்க்கை. ஆலை சண்டையில் மூடிக்கொண்டது. தொண்ணூற்றைந்தில் ஊரே எழும்பி நடந்தபோது அவரும் நடந்தார். சாவகச்சேரி மழையில் அவருடைய சான்றிதழ்க் கோவை ஊறி, ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு நீல மையாய் வழிந்தோடியது. அவருடைய மைத்துனர் எப்போதோ எடுத்து வைத்திருந்த போட்டோக் கொப்பி ஒன்றுதான் பிறகு அவரை ஆளாக்கியது. அன்றைக்கு ஒரு ஞானம் பிறந்தது. எதுவானாலும் ஐந்து பிரதி. ஒன்று கைப்பையில், ஒன்று அலுமாரியில், ஒன்று வேலையிடத்து மேசை லாச்சியில், ஒன்று கல்கிசையில் மனைவியின் தங்கை வீட்டில், ஒன்று எங்கென்று அவருக்கு மட்டும் தெரிந்த இடத்தில். பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் பதிவுப் படிவம், தண்ணீர்ப் பில், பல்வைத்தியரின் துண்டு, எல்லாம் ஐந்து. மற்றவர்கள் அந்த இடப்பெயர்வில் உயிர் தப்பியதையே பெரிதாக நினைத்தார்கள். இரத்தினசிங்கம் ஒரு நிர்வாகக் கோட்பாட்டோடு தப்பியிருந்தார்.

அந்தக் கோட்பாடு கொட்டாஞ்சேனையில் ஹமீட் ஹாஜியாரின் பட்டறைக்குள் பத்து வருடம் ஆட்சி செய்தது. ஹாஜியார் பேக்கரிகளுக்குப் பாண் மா பிசையும் இயந்திரம் செய்து விற்றார். அரை மூடை, ஒரு மூடை, இரண்டு மூடை என்று மூன்று அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு இரும்புச் சட்டம், ஒரு எவர்சில்வர்த் தொட்டி, தொட்டியின் இரண்டு பக்கச் சுவரையும் துளைத்துக்கொண்டு போகும் ஒரு சாஃப்ட், அதில் மாவைப் புரட்டும் கைகள். ஒரு காலத்தில் இதையெல்லாம் தாளில் கீறினார்கள். பிறகு கம்பியூட்டர் வந்தது. முப்பரிமாணத்தில் படம் கீறும் மென்பொருள், அன்றைய கொழும்பின் வழக்கப்படி, யாரோ கொடுத்த இறுவட்டில் வந்தது. இரத்தினசிங்கம் அதில் ஒரே ஒரு வித்தையை முழுமையாகக் கற்றார். இருக்கிற படத்தை வேறு பெயரில் சேமிப்பது.

ஒரு வாடிக்கையாளர் தொட்டி இரண்டு அங்குலம் உயரமாக வேண்டும் என்றால் புதுப் பைல். இன்னொருவர் உருட்டி நகர்த்தச் சில்லு வேண்டும் என்றால் இன்னொரு பைல். ஒருமூடை பைனல். ஒருமூடை பைனல் சரியானது. ஒருமூடை பைனல் சரியானது புதுசு. ஒருமூடை இதுதான். ஒருமூடை இதுதான் தொடவேண்டாம். இரண்டாயிரத்தாறில் எண்ணியபோது மூன்றே மூன்று இயந்திரத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பைல். ஒன்றில் திருத்திய பிழை மற்ற இருநூற்றுப் பதினொன்றில் சுகமாக வாழ்ந்தது. எது சரியான படம் என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவருக்கும் காலையில்தான் தெரியும். பட்டறையை மேற்பார்க்கும் போமன் பேதுரு தகட்டில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் மாடிப்படி ஏறி வந்து, எது சேர் சரி, என்று கேட்கவேண்டும். இரத்தினசிங்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு நிமிடம் கூரையைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு பெயரைச் சொல்வார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவர் தினமும் பஸ் ஏறி, மூன்று இடத்தில் இறங்கி ஆமிச் சோதனைக்கு நின்று, வேலைக்கு வந்தார் என்று சொல்லலாம்.

இந்தப் பொற்காலத்தைக் குலைக்க வந்தவள், ஹாஜியார் புதிதாக வேலைக்கு எடுத்த ஷபீகா. இருபத்தாறு வயது. கட்டுபெத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்து உண்மையாகவே எஞ்சினியர் ஆனவள். அதை ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தாள் என்பதுதான் இரத்தினசிங்கத்துக்குப் பெரிய அவமரியாதையாகப் பட்டது. வந்த மூன்றாம் வாரம் அவள் அந்த இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒரு மூலையில் கட்டிப்போட்டுவிட்டு, ஒரே ஒரு தொட்டிப் பைலை உருவாக்கினாள். தையற்காரர் ஒரே வெட்டுத்தாளில் சின்னது, நடுத்தரம், பெரியது மூன்றுக்கும் கோடு போட்டு வைப்பதைப் போல, அந்த ஒரு பைலுக்குள் அரை, ஒன்று, இரண்டு மூடை மூன்றும் இருந்தன. ஒரு அட்டவணை. வரிசைக்கு ஒரு மூடை, நிரலுக்கு ஒரு அளவு. சொடுக்கினால் தொட்டி பெருக்கும், சிறுக்கும். முழு இயந்திரமும் அப்படியே. சில்லு வேண்டுமென்றால் சில்லு வரும், வேண்டாமென்றால் ஒளிந்துகொள்ளும். இதற்கு மென்பொருள்காரர் வைத்திருந்த பெயர் கொன்பிகரேஷன்.

இரத்தினசிங்கம் அதைப் பின்னால் நின்று பார்த்தார். மூக்கால் ஒரு காற்று விட்டார்.

"பிள்ளை, எல்லாத்தையும் ஒரு பைலுக்கை வைச்சிட்டு, நாளைக்கு அது போனா என்ன செய்வீர்? உமக்கு விளங்காது. நீர் ஒண்டும் துலைச்சதில்லை."

தினமும் ஒரு பிரதி எடுக்கிறேன் சேர் என்று ஷபீகா சொன்னாள். ஒன்று போதுமா என்று அவர் கேட்டார். ஒன்று போதும் என்று அவள் சொன்னதும் அவளுடைய கல்வித்தரம் பற்றி அவருக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது.

இந்த இடத்தில் கனடா வருகிறது. வெள்ளவத்தையில் எந்தக் கதையிலும் ஏதோ ஓரிடத்தில் கனடா வந்தே தீரும். இரத்தினசிங்கத்துக்கு ஜனவரி பன்னிரண்டில் ஐம்பது வயது. ஐம்பதைத் தொட்டால் வயதுக்கான புள்ளி குறையத் தொடங்கும் என்று குடிவரவு முகவர் சொல்லியிருந்தார். அதற்குள் குடியேற விண்ணப்பம் போகவேண்டும். எல்லாம் தயார், ஐந்து பிரதியோடு. குறைந்தது ஒன்றே ஒன்றுதான். இன்ன பதவியில் இன்ன வேலை செய்கிறார் என்று முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம். அதில் பிரதம வடிவமைப்பு எஞ்சினியர் என்று இருக்கவேண்டும் என்பது இரத்தினசிங்கத்தின் முடிவு. தகுதியுள்ள தொழில்களின் பட்டியலை முகவர் அவர் கையில் கொடுத்திருந்தார். இரத்தினசிங்கம் அதில் எஞ்சினியர் என்ற வரி வந்ததும் வாசிப்பதை நிறுத்தியிருந்தார்.

ஹாஜியார் உடனே மறுக்கவில்லை. அவர் மறுக்கிற மனிதர் இல்லை, ஒத்திப்போடுகிற மனிதர். குருநாகலில் ஒரு பேக்கரிக்காரர் ஆறு இயந்திரம் கேட்டிருந்தார், அளவுக்கு இரண்டாக. "அந்த ஆறும் பிழையில்லாமப் போகட்டும். ஷபீகா செஞ்ச பைல வச்சி நீங்க பொறுப்பா செஞ்சி முடிங்க. அடுத்த நாள் கையெழுத்துப் போட்டுத் தாறேன்," என்றார். ஆக, இரத்தினசிங்கத்துக்கும் கனடாவுக்கும் நடுவில் இப்போது ஆறு எவர்சில்வர்த் தொட்டிகள் மட்டுமே நின்றன.

அவர் முதல் வேலையாக ஷபீகாவின் பைலை ஐந்து இறுவட்டில் பிரதி எடுத்தார்.

ஒக்டோபரில் நோன்புப் பெருநாள் வந்தது. ஹாஜியாரும் ஷபீகாவும் மூன்று நாள் லீவு. போகும்போது ஷபீகா தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கம்பியூட்டர்த் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டு, ஏதாவது மாற்றம் வந்தால் ஒரு கோல் எடுங்கள் சேர், என்றாள். அவள் படியிறங்கியதும் அந்தத் துண்டை இரத்தினசிங்கம் உரித்து லாச்சியில் போட்டார். திரை அழுக்காகிறதாம்.

பெருநாளுக்கு மறுநாளே குருநாகல்காரர் தொலைபேசியில் வந்தார். இரண்டு மூடை இயந்திரத்தில் தாம் ரொட்டி மாவும் இறுக்கமாகப் பிசையப் போவதாகவும், சாஃப்ட் இன்னும் தடிப்பாக வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு மூடைத் தொட்டியின் துளை ஐம்பத்தைந்து மில்லிமீற்றர். அதை அறுபதாக்க வேண்டும். ஒரு எண்ணை அழித்து இன்னொரு எண்ணை அடிக்கிற வேலை. இரத்தினசிங்கம் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்தார். இரண்டு மூடையைத் திறந்தார். துளையைத் தேடிப் பிடித்தார். அறுபது என்று அடித்தார்.

அப்போது திரையில் ஒரு சிறிய பெட்டி எழுந்து ஒரு கேள்வி கேட்டது. இந்த மாற்றம் இந்த ஒரு அளவுக்கு மட்டுமா, எல்லா அளவுகளுக்குமா?

மறித்துக் கேள்வி கேட்பவர்களோடு இரத்தினசிங்கத்துக்கு நெடுங்காலப் பழக்கம் இருந்தது. வவுனியா ஆமி முகாமில் கேட்டிருக்கிறார்கள், மருதானைப் பொலிசில் கேட்டிருக்கிறார்கள், வீட்டுக்கு வந்து கட்டிலடியில் டோர்ச் அடித்தும் கேட்டிருக்கிறார்கள். கேள்வி விளங்குவதற்கு முன் ஒவ் மாத்தயா, ஆம் ஐயா, என்று சொல்லிவிடுகிறவன் சீக்கிரம் வீட்டுக்குப் போவான் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். யோசிப்பவனைத்தான் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். ஆகவே அவருடைய விரல், அவரைக் கேளாமலே, என்டர் என்ற பெரிய விசையைத் தட்டியது. பெட்டியில் ஏற்கனவே தெரிவாகி இருந்தது எல்லாவற்றுக்கும் என்ற விடை. பெட்டி திருப்தியோடு மறைந்தது. அரை மூடைத் தொட்டியின் முப்பத்தைந்தும் ஒரு மூடைத் தொட்டியின் நாற்பத்தைந்தும் ஓசைப்படாமல் அறுபதாயின.

பிறகு அவர் சேமித்தார். கொள்கை மறவாதவராதலால் பழைய ஐந்து பிரதிகளையும் அழித்து, புதியதை ஐந்து இடத்திலும் பத்திரப்படுத்தினார். கல்கிசைப் பிரதிக்காக அன்று பின்னேரம் ரயிலில்கூடப் போய்வந்தார். தன் பிழையை இவ்வளவு அக்கறையாக, ஊர் ஊராகச் சென்று பாதுகாத்த மனிதர் அந்தப் பட்டறையின் சரித்திரத்தில் வேறில்லை.

படங்கள் அச்சாகிக் கீழே போயின. பத்து நிமிடத்தில் பேதுரு மேலே வந்தான். முப்பது வருடமாகத் தகடு வெட்டுகிறவன், கண்ணாலேயே அளப்பான்.

"சேர், அரை மூடைக்கும் அறுபது போட்டிருக்கு. அதுக்குள்ள என் கையே போகும்."

"பேதுரு, நீர் வெல்டிங்கைப் பாரும். படம் கீறுறது என்ர வேலை."

"பிள்ளைக்கு ஒரு கோல் எடுத்துக் கேப்பமா?"

"அந்தப் பிள்ளை போட்ட பைல்தானே இது? அதில இருக்கிறதைச் செய்யும்."

பேதுரு படத்தை மேசையில் விரித்தான். எது சரி என்று கேட்டுக் கேட்டே பத்து வருடமாக அந்த மாடிப்படியில் தேய்ந்துபோன முழங்கால் அவனுக்கு. படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டுத் தாங்க சேர் என்றான். இரத்தினசிங்கம் வளைத்து நெளித்துப் போட்டார். பேதுரு கீழே போய், படத்தில் உள்ளபடி, ஒரு மயிரிழையும் பிசகாமல், ஆறு தொட்டியிலும் பன்னிரண்டு துளை வெட்டினான். அவ்வளவு சுத்தமாக அவன் அதற்கு முன் வெட்டியதில்லையாம்.

பெருநாள் முடிந்து ஹாஜியார் வந்தபோது பட்டறை நடுவில் நான்கு தொட்டிகள் பயனற்றுக் கிடந்தன. அரை மூடைச் சாஃப்ட் துளைக்குள் தொட்டிலில் குழந்தை மாதிரி ஆடியது. ஹாஜியார் குனிந்து ஒரு துளையால் அந்தப் பக்கம் நின்ற பேதுருவைப் பார்த்தார். பேதுரு இந்தப் பக்கம் பார்த்தான்.

மேலே போனதும் இரத்தினசிங்கம்தான் முதலில் வாய் திறந்தார். தான் ஆரம்பத்திலேயே சொன்னதாகவும், எல்லாவற்றையும் ஒரே பைலில் கொண்டுபோய்ச் சொருகினால் ஒன்றின் வியாதி மற்றதில் தொற்றும் என்றும், தன்னுடைய முறையில் இப்படி ஒருநாளும் நடந்ததில்லை என்றும், சின்னப்பிள்ளையைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்றும், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது என்றும் கால் மணி நேரம் பேசினார். ஷபீகா தன் பைலைத் திறந்து பார்த்துவிட்டு, நான் விட்டுப்போனபோது முப்பத்தைந்து, நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்து என்றுதான் இருந்தது, என்று மட்டும் சொன்னாள்.

ஹாஜியாருக்கு இரண்டு பேரையும் பார்க்க விருப்பமில்லை. முன்னால் இருந்த பிளேன்ரீக் கோப்பையைப் பார்த்தார்.

இங்கேதான் இரத்தினசிங்கம் தன் வாழ்நாளின் மிகப்பெரிய அடியை எடுத்து வைத்தார். நெஞ்சை நிமிர்த்தி, தன்னிடம் சாட்சி இருக்கிறது என்றார். இந்தப் பிள்ளை பைலைத் தந்த அன்றைக்கே தான் பிரதி எடுத்து வைத்ததாகவும், அதைத் திறந்தால் பிழை முதலிலிருந்தே இருந்தது தெரியும் என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அதை அவர் உண்மையாகவே நம்பினார். பழையதை அழித்துப் புதியதை வைத்தது அவருக்கு நினைவில்லை. பழக்கத்தில் செய்வதை யார் நினைவில் வைக்கிறார்கள்?

லாச்சியில் இருந்த இறுவட்டு வந்தது. திறந்தார்கள். மூன்று அளவிலும் அறுபது. பாருங்கோ, என்றார் இரத்தினசிங்கம். ஷபீகா ஒரு விசையைத் தட்டினாள். பைலின் விபரம் வந்தது. கடைசியாகச் சேமித்த நாள், பெருநாளுக்கு அடுத்த நாள், காலை பத்து நாற்பது. கடைசியாகச் சேமித்தவர், சீப் எஞ்சினியர்.

பையில் இருந்ததைத் திறக்கச் சொன்னார் இரத்தினசிங்கம். அதே நாள், அதே பெயர். வீட்டில் ஒன்று இருக்கிறது என்றார். மறுநாள் அது வந்தது. அதற்கு அடுத்த நாள் கல்கிசையிலிருந்தும் வந்தது. ஐந்தாவதை எங்கே வைத்தார் என்று அவருக்கே மறந்துவிட்டதால் நான்கு சாட்சிகளோடு விசாரணை முடிந்தது. நான்கும் ஒரே குரலில் சீப் எஞ்சினியர் என்றன.

ஹாஜியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய் வாசித்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"மிஸ்டர் ரத்தினசிங்கம், இந்த சீப் எஞ்சினியர் யாரு? நம்மட பட்டறையில அப்படி ஒரு ஆள் ஈக்கிதா?"

ஆறு வருடத்துக்கு முன் அந்தக் கம்பியூட்டருக்கு முதன்முதல் உயிர் கொடுத்தபோது, உங்கள் பெயர் என்ன என்று அது கேட்டிருந்தது. இரத்தினசிங்கம் தன் பெயரை அடிக்கவில்லை.

ஓம், நான்தான், என்றால் பன்னிரண்டில் பிழையான எட்டுத் துளையும் அவருடையது. நான் இல்லை என்றால் அந்தப் பதவியும் அவருடையதில்லை. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும்படி வாழ்க்கை ஒரு பெட்டியைத் திறந்து வைத்திருந்தது. இம்முறை கேள்வி அவருக்கு நன்றாக விளங்கியது.

"அது… கம்பியூட்டர் தன்ர பாட்டில போடுற பேர், ஹாஜியார்," என்றார். "அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை."

"நல்லது," என்றார் ஹாஜியார். "எனக்கும் ஒரு சந்தேகம் தீந்திச்சி. ஷபீகா, மிஸ்டர் ரத்தினசிங்கத்துக்கு ஒரு கடிதம் வேணும். அவர் இங்க என்ன வேலை செய்றாரோ, அத அப்படியே எழுதிக் கொண்டுவாங்க."

நான்கு தொட்டியும் நாசமான பின் கடிதம் எதற்கு என்று பேதுரு பிறகு கேட்டபோது, போகிறவரைத் தடுப்பது பாவம், என்றாராம் ஹாஜியார்.

ஷபீகா எழுதினாள். பத்து வருடமாகப் படவரைஞராகக் கடமையாற்றுகிறார். மூன்று வகை இயந்திரங்களுக்குப் படம் வரைந்துள்ளார். நேரம் தவறாதவர். ஆவணங்களைப் பாதுகாப்பதில் மிகுந்த கவனமுள்ளவர். அவ்வளவுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதால் இரத்தினசிங்கத்துக்கு அது மொட்டைக் கடிதம் போலவே இருந்தது. நன்றி என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டில் சொல்லவில்லை. ஒன்பது நாள் அது பையிலேயே வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்குமாகப் போய்வந்தது. வீட்டில் கேட்டால், ஹாஜியாருக்கு நேரமில்லை, எஞ்சினியர் என்ற சொல்லுக்குச் சட்ட ஆலோசனை கேட்கிறார், என்று ஏதேதோ சொன்னார்.

பத்தாம் நாள் அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி சட்டையைத் தோய்க்க எடுத்தாள். கடிதத்தை நின்ற நிலையிலேயே இரண்டு தரம் வாசித்தாள். பிறகு முகவர் கொடுத்த பட்டியலை எடுத்து, எஞ்சினியர் வரியையும் தாண்டி, அடுத்த பக்கத்தையும் புரட்டி வாசித்தாள். கணவர் குளித்துவிட்டு வந்தபோது இரண்டு தாளும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"இஞ்சாருங்கோ, படவரைஞரும் இதிலை இருக்குது. தெரியுமோ உங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது. அதை அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. இந்தக் கடிதம் ஒரு சதி என்றும், அந்தப் பெட்டை பழிவாங்கியிருக்கிறாள் என்றும், ஒரு சொல்லை மட்டும் மாற்றித் தரும்படி ஹாஜியாரிடம் கேட்கப் போவதாகவும் சொன்னார்.

"எஞ்சினியர் எண்டு போட்டா அவங்கள் பட்டத்தைக் கொண்டு வா எண்டுவாங்கள். எந்தப் பட்டத்தைக் காட்டப் போறியள்? நீங்கள் செய்யிற வேலைக்குத்தான் அவங்கள் ஆள் கேக்கிறாங்கள். செய்யாத வேலைக்கு இல்லை," என்றாள் ஜெகதீஸ்வரி. அவள் குரலை உயர்த்தவில்லை. படிவத்தைத் திறந்து, தொழில் என்ற கட்டத்தில், தன் முத்துப்போன்ற எழுத்தில் படவரைஞர் என்பதை ஆங்கிலத்தில் எழுதினாள். இரத்தினசிங்கம் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு யன்னலால் கடல் தெரியாது, பக்கத்துத் தொடர்மாடியின் சுவர்தான் தெரியும்.

இரத்தினசிங்கம் ஒவ்வொரு சாட்டாகச் சொல்லி இழுத்தடித்து, கடைசியில் ஜனவரி ஐந்தாம் தேதி இருவரும் தபாற்கந்தோருக்குப் போனார்கள். பதிவுத் தபால் வரிசை நீளமாக இருந்தது. உள்ளே புழுக்கம் என்று சொல்லி இரத்தினசிங்கம் வாசலில் நின்றுகொண்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நாகேந்திரம் குடையோடு வந்து சேர்ந்தார்.

"என்ன எஞ்சினியர், கனடா அலுவலோ?"

"சீச்சீ," என்றார் இரத்தினசிங்கம். "எங்களைப் போல ஆக்களை அவங்கள் இப்ப எடுக்கிறதில்லை. மனிசிக்கு ஏதோ ஒரு கடிதம் போடவேணுமாம், துணைக்கு வந்தனான்."

ஜெகதீஸ்வரி பற்றுச்சீட்டை மடித்துக்கொண்டே வெளியே வந்தாள். நாகேந்திரத்தைப் பார்த்துச் சிரித்தாள். கணவரைப் பார்த்து, நடவுங்கோ, சந்தையில மீன் முடியப் போகுது, என்றாள்.